இரண்டு ஆடுகளையும் சேர்த்தே எழுது

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் உன்னிடம், "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஊட்டுக்கு வா சாமி, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போடாதே. வெள்ளிக்கிழமை உன் பேராசிரியர் அந்தத் தாளை உன் முன்னால் வைக்கும்போது பேனாவைத் திறக்கவே திறக்காதே. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் தடுமாறுவேன், உன் அப்பா பக்கத்தில் நின்று சைகை காட்டுவார். எழுதினால் முழுசாகச் சொல்லி முடிக்க முடியும். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். உன் பேராசிரியருக்குக் காட்டலாம், கல்யாணம் பேசியிருக்கிற வீட்டுக்கும் காட்டலாம். ஒளித்து வைத்தது போதும் என்று முடிவு செய்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பார். நீ அனுப்பிய பக்கங்களை அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். பால் சங்கத்தில் காலைப் பாலை அளந்து, கேன்களை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு எனக்குக் கிடைக்கிற நேரமெல்லாம் அதற்கே போனது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் அது ஒரு தடவை பிய்ந்துவிட்டால் தானாக வளராது. மூட்டுக்குள்ளும் ரத்தத்திலும் சில உயிரணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் விழுங்குகிறவையும் அவைதான், சண்டை முடிந்த பிறகு இடத்தைச் சுத்தம் செய்து புண்ணை ஆற்ற உதவுகிறவையும் அவைதான். இடத்துக்குத் தகுந்தபடி வேலையை மாற்றிக்கொள்கின்றன. நீ நொண்டுகிற ஆட்டின் சொந்த ரத்தத்திலிருந்து அந்த அணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் வளர்த்து, ஆற்றுகிற வேலைக்குப் பழக்கி, அதே ஆட்டின் முழங்காலுக்குள் ஊசியால் செலுத்தினாய். பெரும்பாலான ஆடுகள் நொண்டுவதை விட்டன. இரண்டு ஆடுகளுக்கு மட்டும் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்ட இடத்தில் கிருமி நுழைந்திருக்கும், அந்த இரண்டையும் கணக்கிலிருந்து நீக்கிவிடு என்கிறார் உன் பேராசிரியர். நீ அந்த முட்டிகளிலிருந்து திரவம் எடுத்து வளர்த்துப் பார்த்தாய். கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. ஆற்றப் பழக்கிய அணுக்களே மறுபடி சண்டைக்குத் திரும்பியிருக்கலாம் என்பது உன் சந்தேகம். இப்போது, "கிருமித் தொற்றால் நீக்கப்பட்டன" என்று எழுதிய தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இந்த வருடமே டாக்டர் பட்டம். போடாவிட்டால் இன்னொரு கூட்டம் ஆடுகள், இன்னொரு வருடம். தை மாதக் கல்யாணமும் தள்ளிப்போகும். சரிதானே?

இதைக் கேள்விப்பட்டு உன் பெரிய மாமா கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்தார். "ஏனுங்க மாப்ள, ரெண்டு ஆட்டுக்கோசரம் கண்ணாலத்தத் தள்ளிப் போடறதாமா? வருசா வருசம் கெடா வெட்டற ஊடு இது. வெளிய சொன்னா வாயில சிரிக்க மாட்டாங்க!" உன் அப்பா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அவளை ஆட்ட வெட்டச் சொல்லலீங்க மச்சான். எழுதுன எழுத்துல இருந்து வெட்டச் சொல்றாங்களாம். அதுக்குத்தான் மாட்டேங்கறா" என்றார். மாமா என் பக்கம் திரும்பி, "ஏம்மிணி, நீ என்ன சொல்ற? படிச்சவளாச்சே" என்றார். நான், "காப்பி ஆறுதுங்ண்ணா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் உனக்குப் போன் செய்து கையெழுத்துப் போடு என்றேன். படிச்சவளாச்சே என்று அவர் சொன்னதும் நான் ஏன் காப்பிக்குப் பேச்சை மாற்றினேன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நம் வீட்டில் மணி என்று ஒரு கிடேரிக் கன்று இருந்ததே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் இந்தப் படிப்புக்கே போயிருக்க மாட்டாய். பங்குனி மாதம் பிறந்தது. மாடு கன்று போட்டால் முதல் மூன்று நாள் சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டு, கோயிலுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு, தெரு முழுக்கக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். நம் வீட்டில் பிறந்த முதல் கிடேரி என்ற பெருமையில் நான் ஒரு வீட்டைக்கூட விடவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளுக்குக்கூட நீதான் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு ஓடினாய். கன்றுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சியது. மூன்று வாரத்தில் அதன் முன்னங்கால் முட்டிகள் இரண்டும் பந்து மாதிரி வீங்கின. தொட்டால் கொதித்தது. உன் அப்பா அன்று நடவுக்குப் போயிருந்ததால், நான் ஆள் அனுப்பி மிருகாஸ்பத்திரி டாக்டரை வரவழைத்தேன். அவர் மலையாளத்துக்காரர், நல்ல மனுஷர். ஊசி போட்டார், தடவுவதற்கு எண்ணெய் கொடுத்தார், வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "நீரு குறைக்கணம், கேட்டோ. காலு அனக்கருது" என்றார்.

காலை அசைக்கக் கூடாது என்பது புரிந்தது. நீரைக் குறைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பத்தாவதில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் நான். கட்டுரைப் போட்டியில் வாங்கிய புத்தகத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். நீர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? கன்றுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார் என்று தீர்மானித்தேன். முட்டியை அழுத்தினால் தளும்பியது, உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது, ஆகவே குடிக்கிற நீரைக் குறைத்தால் அது வற்றும். எவ்வளவு அழகான நியாயம் பார். அடுத்த வீட்டு சரசா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. "ஏ புள்ள, நீருன்னு அவரு சொல்றது வீக்கத்தை. கால்ல நீரு போட்டிருக்குதுன்னு நாமளே சொல்றதில்லியா? கன்னுக்குத் தண்ணி வெச்சு உடு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, நானு பத்தாவது படிச்சவ. நீர்னா தண்ணிதான். நீங்க கம்முனு இருங்க." அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் வாளியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். பாலும் நீர்தானே என்று ஊட்டுவதையும் பாதியாக்கினேன்.

பங்குனி வெயிலில் மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். துணி காய்கிற வேகத்தில் உயிர் காயும். நான்காம் நாள் டாக்டர் மறுபடி வந்தபோது மணிக்குக் கண் குழி விழுந்திருந்தது. அவர் அதன் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. "வெள்ளம் குடிச்சோ?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்பது எனக்கு எப்போதும் தெரியும், சித்தூர் பஸ்ஸில் தினமும் காதில் விழுகிற சொல். தண்ணீரைச் சொல்ல நினைத்திருந்தால் அவர் வெள்ளம் என்றுதான் சொல்லியிருப்பார். அப்படியானால் நீர் வேறு. சரசா அக்கா சொன்னதுதான் சரி. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கன்றுக்கு அப்போதும் மூச்சு இருந்தது. பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. நான், "குடிச்சதுங்க சார், நல்லாக் குடிச்சது" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் நோட்டில் என்னவோ எழுதினார். மருந்து பலிக்கவில்லை என்பதைத் தவிர அவர் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? அன்று சாயங்காலம் மணி செத்துப்போனது. நீ அதன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "டாக்டர் வந்தும் ஏம்மா செத்துப்போச்சு?" என்று கேட்டாய். "சில சமயம் மருந்து கேக்காது சாமி" என்றேன்.

அதோடு முடிந்திருந்தால் என் பாவம் என்னோடு போயிருக்கும். சரசா அக்கா துக்கம் கேட்கிற மாதிரி வந்து உட்கார்ந்தபோது, "நீங்க சொன்னாப்பலயே தண்ணி வெச்சனுங்க்கா, மருந்துதான் கேக்கல" என்று அவரிடமும் சொன்னேன். அவரைக் கம்முனு இருக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னேன், அதனால் அவர் நம்பிவிட்டார். ஐந்தாறு மாதம் கழித்து அவர் வீட்டுக் கன்றுக்கும் முட்டி வீங்கியது. "உங்கூட்டுக் கன்னுக்கு அத்தனை ஊசி போட்டும் போச்சு. நானு பச்சிலை வெச்சுக் கட்டிக்கறேன்" என்று டாக்டரைக் கூப்பிடவே இல்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கன்று சாகவில்லை. ஆனால் இரண்டு முட்டியும் மடங்கியபடி இறுகிவிட்டன, மண்டி போட்டே நகர்ந்தது. கடைசியில் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏற்றி விட்டார்கள். வண்டியில் அதைத் தூக்கி வைக்க உன் அப்பாவும் ஒரு கை கொடுத்தார். சந்தையில் அதை எதற்கு வாங்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் விட்டுவிட்ட ஒரு வரி, கண்ணு. "தண்ணீர் வைக்கவில்லை" என்ற ஒரே வரி. அது டாக்டரின் நோட்டில் ஏறி, அக்காவின் காதுக்கும் போயிருந்தால் அந்த மருந்தின் பேர் கெட்டிருக்காது, அந்தக் கன்று நடந்திருக்கும்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் லீவில் வந்தபோது, சமையலறையில் நின்றுகொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய். "அம்மா, கன்னு பொறக்கறப்ப அதோட ரத்தத்துல நோயத் தடுக்கற காவலே கெடையாது. அம்மாவோட காவல் முழுக்கச் சீம்பால்லதான் இருக்குது. மொத நாளே வயிறு நெறையக் குடுத்தறோணும். நீங்க அத ஊருக்குக் குடுத்துட்டீங்க, தொப்புள் வழியாப் போன கிருமி மூட்டுல போய் உக்காந்துருச்சு." நீ என்னைக் குற்றம் சொல்லவில்லை, ஊர் வழக்கத்தைத்தான் சொன்னாய். அதன் பிறகு இந்தத் தெருவில் யாரும் முதல் நாள் சீம்பாலைத் தொடுவதில்லை. நான் போய் ஒவ்வொரு வீடாகச் சொன்னேன், கோயிலுக்கும் நான்காம் நாள் கொடுத்தால் போதும் என்று வாதாடினேன். அதை மட்டும் தைரியமாகச் சொன்னேன், ஏனென்றால் அது எல்லாரும் செய்த தவறு. நான் மட்டும் செய்த தவறைச் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில், ஏன் மூட்டு ஆராய்ச்சி என்று உன்னைக் கேட்டதற்கு, எங்கள் வீட்டில் சிகிச்சை கொடுத்தும் ஒரு கன்று செத்தது, மருந்து ஏன் பலிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னதாகச் சந்தோஷமாக வந்து சொன்னாயே, அன்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன், நினைவிருக்கிறதா? மருந்து பலித்திருக்கும். நான்தான் அதற்கு வழி விடவில்லை. உன் படிப்பே என் பொய்யில் ஆரம்பித்தது. அது இன்னொரு பொய்யில் முடிய நான் விட மாட்டேன்.

உன் பேராசிரியர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அவருக்கு மேலே இருப்பவர்கள் கெடு வைத்திருப்பார்கள். நானும் கெட்டவள் இல்லை, அப்படியும் ஒரு கன்றைத் தாகத்தில் விட்டேன். நல்லவர்கள் ஒரு வரியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. மழைக்கு முன்னால் பீர்மேட்டுக்குப் போய்விட்டு வந்து நீ சொன்னதை யோசித்துப் பார். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒற்றை மாடு வைத்துப் பிழைக்கிற அந்த அம்மா. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி மாட்டுக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்த கட்டமாக இந்த ஊசியை அங்கேதான் போட்டுப் பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டதும் உன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்றாயே. "டாக்டரம்மா, இது எந்திரிச்சு நின்னா எங்களுக்கு அது போதும். ஊசி போட்டா ஒண்ணும் ஆயிராதுல்ல?" நீ, "ஒண்ணும் ஆகாதும்மா" என்றாய். அப்போது உன் ஆடுகள் எல்லாம் நன்றாக இருந்தன, நீ சொன்னது பொய்யில்லை. இப்போது அது பொய். நீ கையெழுத்துப் போட்டால் அந்தப் பொய்க்கு முத்திரை விழும். அவள் மாட்டுக்கு முட்டி வீங்கினால் அங்கேயும் ஒருவர் நோட்டை எடுத்து, ஊசி போட்ட இடத்தில் கிருமி என்று எழுதிவிட்டுப் போவார். வேறு மாதிரி எழுத அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அவருக்குச் சொல்லவில்லை.

அதனால் துணிந்து சொல். இரண்டு ஆடுகளும் இருந்தன, வீங்கின, கிருமி இல்லை, காரணம் இன்னும் தெரியாது என்று எழுது. தெரியாது என்று எழுதுவதற்கு எதற்கு வெட்கம்? எனக்குத் தெரியும் என்று நினைத்ததால்தான் நான் வாளியைத் தூக்கி உள்ளே வைத்தேன். ஒரு வருடம் போனால் போகட்டும். பேராசிரியர் கோபப்பட்டால் படட்டும், பணிவாக நில், ஆனால் குனியாதே. உன்னை அனுப்பிவிட்டால் நம் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது, உன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வா, வேறு இடம் தேடுவோம். கல்யாண வீட்டுக்கு இன்று காலையில் நானே போன் செய்தேன். அந்த அம்மா, "பேருக்கு முன்னால டாக்டர்னு பத்திரிகைல போடலாம்னு இருந்தமுங்க" என்று இழுத்தார். "அப்ப பத்திரிகையும் ஒரு வருசம் பொறுக்கட்டுங்க" என்றேன். பிறகு, பையனோட பேசிட்டுச் சொல்றேன் என்றார். பேசட்டும். ஒரு வருடம் காத்திருக்க முடியாதவன் உன்னோடு வாழ்நாள் முழுக்க எப்படி இருப்பான்? மாமாவுக்கும் சொல்லிவிட்டேன். காப்பி கொடுக்காமலே சொன்னேன். "நீயே புள்ளையக் கெடுக்கற" என்று கத்திவிட்டுப் போனார். நாளைக்கு மறுபடி வருவார், நாளைக்கும் இதையேதான் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. உனக்கு இத்தனை எழுதிவிட்டு நான் கம்முனு உட்கார்ந்திருந்தால் இந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. அதனால் மேலே இருப்பதை எழுதி முடித்துவிட்டுச் சரசா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் வைக்கவில்லை, வைத்தேன் என்று பொய் சொன்னேன், மருந்தில் குற்றமில்லை. அவர் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. வெட்டிக்கொண்டே, "இருவது வருசம் கழிச்சு வந்து சொல்ற" என்றார். கொஞ்சம் கழித்து, "என்ர கன்னு மண்டி போட்டுப் போட்டு முட்டியெல்லாம் தோலு உரிஞ்சு கெடந்துச்சு. வேலிக்கு அந்தப் பக்கத்துல இருந்து நீ பாத்துட்டுத்தான இருந்த?" என்றார். ஆமாங்க்கா என்றேன். "போ" என்றார். போகாமல் நின்றேன். இப்போது ஏன் சொல்ல வந்தாய் என்று கேட்டார். உன் விஷயத்தைச் சொன்னேன். ஊசி, வீக்கம், கையெழுத்து, கல்யாணம், மாமா எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தட்டை அள்ளி மாட்டுக்குப் போட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "அந்த ரெண்டு ஆடும் இப்ப எப்படி இருக்குதாமா? கால ஊனுதா?" என்று கேட்டார்.

இதை மாமா கேட்கவில்லை, கல்யாண வீட்டில் கேட்கவில்லை, உன்னைப் பெற்ற நானும் ஞாயிற்றுக்கிழமை அத்தனை நேரம் பேசியும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். எழுது கண்ணு. இரண்டும் எப்படி இருக்கின்றன?

அம்மா